விடுமுறைக்கு இருபது புத்தகம் கேட்ட அம்மாவுக்கு

இந்தக் கிழமை எடுத்துக்கொண்ட கடிதம் வலிகாமம் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா எழுதியது. கொப்பித்தாளில் நாலு பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை அவரிடம் கேட்டு மாற்றியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். மகனுக்கு 14 வயது, தரம் ஒன்பது. மகளுக்குப் பத்து, இந்த வருடம் புலமைப்பரிசில் சோதனை. சித்திரை விடுமுறை வருகிறது, வருடப்பிறப்பை ஒட்டி ரியூசனும் ஒரு கிழமை இல்லை, மகன் போனும் கையுமாக விறாந்தைக் கதிரையிலேயே கிடக்கப் போகிறான் என்று பயம். ரொறன்ரோவில் இருக்கிற அக்கா தன்ர பிள்ளைகளின் 'சமர் ரீடிங்' பட்டியலைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, நீயும் இப்படி ஒன்று எடு, காசு நான் போடுறன் என்றிருக்கிறார். அதனால் இவருக்கு இருபது புத்தகம் வேண்டும். புதிதாக வந்ததாக இருக்க வேண்டும், இங்கிலீஷ் என்றால் இன்னும் நல்லது, நல்ல கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு புத்தகம் வாசித்துச் சுருக்கம் எழுத ஒரு கொப்பியும் வாங்கி வைத்துவிட்டார். கணவருக்கோ கதைப்புத்தகம் என்றாலே ஆகாது, படிப்பைக் கெடுக்கும் என்பது அவருடைய கட்சி.

இவ்வளவும் மூன்றரைப் பக்கம். நாலாம் பக்கத்தின் ஓரத்தில், இடம் காணாமல் தாளைத் திருப்பிப் பிடித்து ஆறு வரி எழுதியிருக்கிறார். அக்கா முந்தி ஒரு பார்சலில் தனக்கென்று அனுப்பிய இங்கிலீஷ் நாவல் ஒன்று மகனுடைய தலையணைக்குக் கீழே இருந்ததாம். யாழ்ப்பாணத்தையும் சண்டைக்காலத்தையும் பற்றியது. 31ஆம் பக்கம் வரை தெரியாத சொல்லுகளுக்கு மேலே பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதியிருக்கிறான். அன்று இரவு சாப்பிடும்போது, "அப்பா, சித்தப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறான். கணவருடைய தம்பி 2009இல் காணாமல் போனவர். படம் மட்டும் ஹோலில் தொங்குகிறது, கதை இல்லை. கணவர் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பொடியன் அதற்குப் பிறகு வீட்டில் சரியாகக் கதைக்கிறான் இல்லை. "அதை வாசிக்க விடலாமோ?" என்பதுதான் கடைசி வரி.

தங்கச்சி, பட்டியலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு உண்மையான கேள்வியை ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. உளவளத்துணைக்கு என்னிடம் வருகிறவர்களில் கனபேர் எழும்பிப் போய், வாசலில் செருப்பைப் போடும்போதுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். நானும் உங்களைப் போலவே பட்டியலில் தொடங்கி அலுமாரிக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

அக்காவின் கோடையும் எங்கள் கோடையும்

அக்காவின் பிள்ளைகளுக்கு யூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் செப்டெம்பரில்தான் திறப்பார்கள். இரண்டு மாதத்துக்கு மேல். அவ்வளவு நீளமாக விட்டால் வாசிப்பில் பிள்ளைகள் பின்வாங்கிவிடுவார்கள் என்ற கவலையில்தான் அங்கே நூலகங்கள் இந்தக் கோடை வாசிப்பை நடத்துகின்றன. உங்களுக்குக் கிடைக்கப் போவது அதில் ஒரு துண்டுதான். அதற்குள் வருடப்பிறப்பு, கைவிசேடம், மாமா வீடு, கோயில், போர்த்தேங்காய் அடிக்கிறது எல்லாம் இருக்கிறது. வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஏப்ரில் 5 தொடக்கம் நடுப்பகுதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நகரும் என்று வானிலைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறது, எங்கள் பக்கத்துக்கு வரும்போது வருடப்பிறப்பே வந்துவிடும். அந்த வெக்கையில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை குந்தியிருந்து சுருக்கம் எழுதும் என்று நினைக்கிறீர்களா? நான் எழுதமாட்டேன்.

இங்கிலாந்திலும் 1999 தொடக்கம் இப்படி ஒரு கோடை வாசிப்புச் சவால் நடக்கிறது. நீண்ட விடுமுறை முழுவதற்கும் அங்கே பிள்ளைகளிடம் கேட்டு வந்தது எத்தனை புத்தகம் தெரியுமா? ஆறு. அதுவும் எந்த ஆறு என்பது பிள்ளையின் விருப்பம். நீங்கள் இருபது கேட்கிறீர்கள். இருபது என்றவுடனேயே அது ரியூசன் ஆகிவிட்டது. ரியூசன் இல்லாத ஒரு கிழமைக்கு நீங்கள் வீட்டிலேயே ஒரு ரியூசன் திறக்கப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் கொப்பி

கொப்பியைத் திருப்பிக் கடையில் கொடுக்க முடியாது என்றால் மகளிடம் படம் கீறக் கொடுத்துவிடுங்கள்.

நான் உளவளத்துணைக்கு வருவதற்கு முதல் பன்னிரண்டு வருடம் படிப்பித்த ஆள். வாசித்ததற்குச் சுருக்கம் எழுது, கதாபாத்திரங்களைக் குறிப்பிடு, பெற்ற படிப்பினை யாது என்று நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்: அப்படிச் செய்த பிள்ளைகள் சுருக்கம் எழுதப் பழகினார்கள், வாசிக்கப் பழகியவர்கள் வேறு எங்கேயோ பழகினார்கள். பின்னட்டையைப் பார்த்தே சுருக்கம் எழுதிய ஒரு பொடியன் என் வகுப்பில் இருந்தான். நல்ல சுருக்கம், புள்ளியும் போட்டேன்.

தானியேல் பென்னாக் என்று பிரான்சில் ஓர் எழுத்தாளர், அவரும் வாத்தியார்தான், 1992இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். முதல் உரிமையே வாசிக்காமல் இருக்கிற உரிமை. பிறகு பக்கங்களைத் தாண்டிப் போகலாம், முடிக்காமல் வைக்கலாம், வாசித்ததையே திரும்ப வாசிக்கலாம், எதையும் வாசிக்கலாம், எங்கேயும் வாசிக்கலாம் என்று போகும். கடைசியில், வாசித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அந்தக் கடைசி உரிமையை உங்கள் கொப்பி பறிக்கிறது. இதைப் பகிடி என்று நினைக்க வேண்டாம், பதினாலு வயதில் ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று வைத்திருக்க அதிகம் ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, மகன் போனில் மூழ்கிக் கிடக்கிறான், ஒன்றுமே வாசிக்கிறானில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 31 பக்கத்துக்குச் சொல்லுச் சொல்லாகக் கருத்து எழுதியிருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருத்துகளை எங்கே பார்த்திருப்பான்? வீட்டில் அகராதி இருக்கிறதாக நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் அதே போனில்தான். போனைப் பறித்து வைத்தால் வாசிப்பான் என்ற உங்கள் கணக்குக் கொஞ்சம் பிழைக்கிறது. நேரத்தை மட்டுப்படுத்துங்கள், இரவில் படுக்கைக்குப் போன் போகக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரு சட்டம் வையுங்கள். எல்லாருக்கும் என்றால் உங்களுக்கும்தான்.

புதிசு, இங்கிலீஷ், நல்ல கருத்து

மூன்று நிபந்தனை வைத்திருக்கிறீர்கள். மூன்றையும் கொஞ்சம் இளக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் நான் ஜாம் போத்தல் விளக்கில் வாசித்து வளர்ந்தவன். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு துப்பறியும் நாவல் வந்தது, எந்த வருடத்தில் அச்சடித்ததோ தெரியாது, முன்னட்டை இல்லை, கடைசிப் பாரமும் இல்லை. பதினாறு பக்கம் காணாது, கொலைகாரன் ஆரென்று தெரியாமலே ஏழெட்டு வீடு சுற்றியது. ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னோம், ஒருத்தனுக்கொருத்தன் அடிபடாத குறை. பதினைந்து வருடம் கழித்துக் கொழும்பில் நடைபாதைக் கடையில் முழுப் புத்தகத்தைக் கண்டு கடைசிப் பக்கத்தை அங்கேயே நின்று வாசித்தேன். எங்கள் முடிவுகள்தான் திறம். புதிசு, பழசு என்பது கடைக்காரருக்குத்தான் முக்கியம்.

இங்கிலீஷ் விஷயம். தமிழில் தடங்கல் இல்லாமல், விரும்பி, நீளமாக வாசிக்கிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் மற்ற மொழிக்கும் கூடவே போகும். தமிழிலேயே இன்னும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளையிடம் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டிலும் வெறுப்புத்தான் வரும். உங்கள் மகன் தானாகவே இங்கிலீஷில் கை வைத்திருக்கிறான், அது வேறு. மகளுக்கு இப்போதைக்குத் தமிழே போதும்.

நல்ல கருத்து. கதை முடிந்தபின் கீழே கட்டம் போட்டு 'நீதி' என்று எழுதின புத்தகங்களைப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் தெரியுமா, கட்டத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அந்தக் கட்டத்தில் தனிப்பட்ட கோபம் உண்டு, விட்டுவிடுவோம்.

சரி, புத்தகங்கள்

இருபது தரமாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களே புரட்டிப் பார்த்துத் தெரிவதற்கு ஒரு தொடக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

மகளுக்கு: தமிழ்நாட்டில் இந்தக் கொஞ்சக் காலமாகச் சிறுவர் நாவல்கள் நன்றாக வருகின்றன. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவற்றில் மூன்றைத் தேடுங்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பெற்றது, மதுரைக்குப் பக்கத்தில் அகழ்வாராய்ச்சி நடந்த கீழடியைச் சுற்றிய கதை. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இல் பெற்றது, மாயமும் சாகசமும் விரும்புகிற பிள்ளைக்குச் சரி. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பெற்றது. இந்த மூன்றாவதை நீங்கள் முதலில் வாசியுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் தொந்தரவைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி, பயமுறுத்தாமல் சொல்கிறது. மகள் வாசித்துவிட்டு ஏதும் கேட்டால் வாயைப் பொத்தாமல் பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும். பத்து வயதில் இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கணவர் கேட்கலாம். தரம் ஐந்துப் பிள்ளை தனியாக ரியூசனுக்குப் போய் வருகிறது, அதனால்தான் என்று சொல்லுங்கள்.

பழசில் ஒன்று, ஜப்பானியக் கதை 'டோட்டோ-சான்', தமிழிலும் வந்திருக்கிறது. ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கிற ஒரு பள்ளிக்கூடம், அதற்கு முதல் வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து விலக்கப்பட்ட ஒரு துருதுரு சிறுமி. புலமைப்பரிசில் வருடத்தில் இந்தக் கதையை வாசிப்பது உங்கள் மகளுக்குக் கொஞ்சம் ஏக்கமாக இருக்கும். இருக்கட்டும். பிறகு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகள். ஆடிப்பிறப்பும் கத்தரித் தோட்டத்து வெருளியும் அப்பம்மாவுக்குப் பாடமாக இருக்கும், புத்தகம் இல்லாமலே தொடங்கலாம்.

மகனுக்கு: செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி ஊரை விட்டு வெளிக்கிடுகிற பம்பல் கதை, விழுந்து விழுந்து சிரிக்கலாம். பிடித்துப் போனால் அவருடைய 'வாடைக்காற்று', நெடுந்தீவுக் கடற்கரையும் வாடி போடுகிற மீனவர்களும். அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள் எந்தத் தொகுப்பென்றாலும் சரி, கொக்குவிலில் பிறந்து கனடாவில் இருக்கிறவர், எத்தனையோ நாடுகளில் வேலை செய்தவர், கதைகளும் அப்படியே ஊர் ஊராகப் போகும். ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயமலையில் நடக்கிற சாகசம். ஹாரி பொட்டர் தமிழிலும் கிடைக்கிறது.

காமிக்ஸ் வாசிப்பில் சேராது என்று எழுதியிருக்கிறீர்கள். சேரும். லயன், முத்துக் காமிக்ஸ் சிவகாசியில் இருந்து இன்னும் வருகின்றன, இரும்புக்கை மாயாவியைத் தெரியுமா என்று கணவரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். எழுபது எண்பதுகளில் பொடியனாக இருந்தவர் என்றால் தெரியாது என்று சொல்லமாட்டார்.

அக்காவின் காசை இப்படிப் பயன்படுத்தலாம். இந்தியப் புத்தகத்தில் 150 ரூபாய் என்று போட்டிருந்தால் இங்கே வரும்போது 500ஐத் தாண்டிவிடும், இருபது வாங்கினால் என்ன வரும் என்று நீங்களே பாருங்கள். நாலு வாங்குங்கள். பிள்ளைக்கு இரண்டு, தானே கடையில் நின்று தெரிவது. பூபாலசிங்கம் மாதிரி ஒரு கடைக்குள் விட்டுவிட்டு நீங்கள் வெளியில் நில்லுங்கள், பக்கத்தில் நின்று "இது என்ன, படம் மட்டும்தானே இருக்கு" என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். மிச்சத்துக்கு நூலகம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. தூரம் என்றால் பிரதேச சபை நூலகம், சுன்னாகம் பக்கம் என்றால் சொல்லவே தேவையில்லை. இரண்டு பேரையும் அங்கத்தவராக்கி விடுங்கள், பிள்ளையின் பெயரில் ஒரு அட்டை இருப்பது ஒரு தனிச் சந்தோஷம். செங்கை ஆழியான் போன்ற எங்கள் ஆட்களின் பழைய புத்தகங்கள் கடையில் இல்லாவிட்டால் இணையத்தில் 'நூலகம்' திட்டத்தில் தேடுங்கள், 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஏற்றி இலவசமாகத் தருகிறார்கள். அந்தப் போனுக்கு அப்படியும் ஒரு வேலை கொடுக்கலாம்.

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இன்னும் பேப்பர் போடுகிறார்களா? போடுகிறார்கள் என்றால் பின்னேரம் கணவர் மகனையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கில் இருந்து அரை மணித்தியாலம் பேப்பர் பார்க்கட்டும். ஒரே பேப்பரின் இரண்டு தாளை ஆளுக்கொன்றாகப் பிரித்து வாசித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது, கதைக்க முடியாத தகப்பனுக்கும் மகனுக்கும் நல்ல தொடக்கம். கதைப்புத்தகம் என்றால் கணவர் மறுப்பார். பேப்பருக்கு மறுக்கமாட்டார்.

பூட்டின அலுமாரி

இப்போது அந்த ஆறு வரிக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்'. 2023இல் வந்தது, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. நீங்கள் கேட்ட புதுப் புத்தகமும் இங்கிலீஷ் புத்தகமும் அதுவேதான் என்பதைக் கவனித்தீர்களா? 1981இல் யாழ்ப்பாணத்தில் வைத்தியராக வர வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்பிள்ளை, அவளுடைய நாலு சகோதரர்கள், பிறகு நடந்தவை. எந்தத் தரப்பையும் சும்மா விடாமல் கேள்வி கேட்கிற நாவல்.

இது வயது வந்தவர்களுக்கு எழுதியது. கொலைகள் வருகின்றன, பெண்கள் மேல் நடந்த வன்முறையும் வருகிறது. ஒரு 14 வயதுப் பிள்ளை தனியாக, ஒளித்து, இரவில் வாசிப்பதற்கு ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பயம் பிழையில்லை. ஆனால் நீங்கள் பூட்டியதில் இரண்டு விஷயம் சேர்ந்து பூட்டுப்பட்டுப் போயிற்று. புத்தகம் ஒன்று. அவன் கேட்ட கேள்வி மற்றது.

அவனுடைய பக்கத்தில் நின்று பாருங்கள். பிறந்த நாளில் இருந்து ஹோலில் ஒரு படம். விளக்கு வைக்கிறதா, மாலை போடுகிறதா, அதுவுமில்லை, ஏனென்றால் போட்டால் ஆள் இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி. அவரைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. ஒருநாள் ஒரு புத்தகத்தில் தன்னுடைய ஊரின் பெயரே வருகிறது, இப்படி அண்ணன் தம்பிமார் இல்லாமல் போன கதை வருகிறது. சொல்லுக்குச் சொல் கருத்துப் பார்த்து வாசிக்கிறான். கேட்கிறான். தகப்பன் எழும்பிப் போகிறார், தாய் புத்தகத்தைப் பூட்டுகிறார். அவனுக்கு என்ன விளங்கியிருக்கும்? கேட்டது குற்றம் என்றுதான். இனி அவன் இதை வேறு இடத்தில் கேட்பான். யூரியூப்பில் கேட்பான், அங்கே பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் சத்தம் போட்டுத்தான் சொல்வார்கள்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பூட்டியபடி விடலாம். அது இரண்டு கிழமைக்குச் சுகம், பிறகு அவன் இன்னும் தள்ளிப் போவான். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் கடினமான பக்கங்களில் அவன் தனியாக நிற்பான். மூன்றாவது, நீங்களும் வாசிப்பது. உங்கள் இங்கிலீஷ் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் பென்சிலால் எழுதிய கருத்துகள் இருக்கின்றனதானே, அந்த 31 பக்கத்தை அதை வைத்தே வாசிக்கலாம். மிச்சத்தை அவன் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும், இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு, விறாந்தையில் காற்று வருகிற நேரத்தில், இரண்டு மூன்று பக்கம். முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம், இந்த விடுமுறையில் முடியவே முடியாது. முடிக்கவும் தேவையில்லை. இந்த இடம் எனக்குத் தாங்குதில்லை, இரண்டு வருடம் கழித்து வாசிப்பம் என்று நீங்கள் நடுவில் நிறுத்தினாலும் அது பூட்டுவதற்குச் சமன் ஆகாது. நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நித்திரை குழம்புகிறதா, கனவு கண்டு எழும்புகிறானா, சாப்பாடு குறைகிறதா, விளையாடப் போகாமல் நிற்கிறானா, தன்னை நோகப்படுத்துகிற மாதிரிக் கதைக்கிறானா? இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் காட்டுங்கள். கடைசியில் சொன்னது போல் ஏதும் அவன் வாயில் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கும் எடுத்துக் கதைக்கலாம். இப்போது நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோபம் இருக்கிறது, நியாயமான கோபம்.

கணவரைப் பற்றி

அவர் கதைப்புத்தகத்தை வெறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தப் புத்தகத்துக்கு முதலே அவர் அப்படித்தான் என்றும் சொல்கிறீர்கள், இருக்கலாம். ஆனால் சோற்றில் இருந்து எழும்பியது புத்தகத்தால் இல்லை.

செத்துப் போனவருக்கு அழலாம், அந்தியேட்டி செய்யலாம், திவசம் கொடுக்கலாம். காணாமல் போனவருக்கு இவை ஒன்றும் செய்ய முடியாது. முடிவு தெரியாத இழப்பு என்று எங்கள் துறையில் சொல்வோம், அதில் இருக்கிறவர்களிடம் "மறந்து விடுங்கோ" என்று சொல்வதும் "நம்பிக்கையோட இருங்கோ" என்று சொல்வதும் இரண்டுமே உதவாது. அவர் கதைக்காமல் இருப்பதைப் பிடிவாதம் என்று எடுக்க வேண்டாம். அவரிடம் மகனுக்கு விளக்கம் சொல்லச் சொல்லி நெருக்கவும் வேண்டாம். வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாத கேள்வி, அதனால்தான் எழும்பிப் போனார். தம்பி எப்படிப்பட்ட ஆள் என்பது தெரிந்த கேள்வி. எந்தப் பள்ளிக்கூடம், கிரிக்கெட்டா புட்போலா, மாங்காய்க்கு எந்த மதில் ஏறினவர், கொப்பிக்குள் ஒளித்து வைத்து என்ன புத்தகம் வாசித்தவர். பிள்ளைக்கும் முதலில் தேவைப்படுவது இதுதான். மகனிடம் நீங்கள் தனியாகச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு உன்னில கோபமில்லை, அவருக்கே பதில் தெரியாது, நீ கேட்டது பிழையில்லை. இந்த மூன்றும் போதும், நீட்ட வேண்டாம்.

படிப்புக் கெடும் என்ற வாதத்துக்குப் பதில் வாதம் செய்யாதீர்கள். மகளின் புலமைப்பரிசில் வினாத்தாளை வேண்டுமானால் அவரிடம் காட்டுங்கள், பந்தியை வாசித்து விளங்கிப் பதில் எழுதுகிற கேள்விகள் இருக்கின்றனதானே. ஆனால் புள்ளிக்காக வாசிக்க விடுகிறோம் என்று அவரிடம் சொன்னால் பிறகு புள்ளி குறைந்த அன்று புத்தகத்தைப் பறிப்பார், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குப் பதில் எழுதும்போது அவருடைய பார்சல் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதுங்கள். அடுத்த முறை அனுப்பும்போது அவர் தான் வாசித்துப் பிடித்ததையே அனுப்பட்டும், பட்டியல் பார்த்து வேண்டாம்.

இன்றிரவு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எல்லாரும் படுத்தபின் அலுமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, 31ஆம் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி வைத்து, சாப்பாட்டு மேசையில் வையுங்கள். பக்கத்தில் சீவின பென்சில் ஒன்று.